தார் போடாத ரோட்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு? இத்தாலியின் வெள்ளைச் சாலைகளை சைக்கிள் காப்பாற்றிய கதை

ஒரு கிராமத்துக்கு தார் ரோடு வந்தால் அது நல்ல சேதி. பஸ் வரும், ஆம்புலன்ஸ் வரும், மழைக்காலத்தில் வண்டி சேற்றில் சிக்காது. ஆனால் இத்தாலியில் ஒரு மலைப்பகுதி இருக்கிறது. அங்கே தார் போடாமல் விட்ட மண் சாலையில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். சும்மா சுற்றிப் பார்ப்பவர்கள் மட்டும் இல்லை, உலக சாம்பியன்களும் அந்தத் தூசியில் புரண்டு எழுகிறார்கள்.

அந்த இடம் டஸ்கனி மாநிலத்தின் சியனா மாவட்டம். அந்தச் சாலைகளுக்குப் பெயர் 'ஸ்ட்ராடே பியாங்கே'. இத்தாலிய மொழியில் இதற்கு 'வெள்ளைச் சாலைகள்' என்று அர்த்தம்.

அப்படி என்னதான் இருக்கு அந்த ரோட்டில்? அது ஏன் இன்னும் மண் ரோடாகவே இருக்கிறது? கிராவல் பைக் என்கிறார்களே, அது சாதாரண சைக்கிளில் இருந்து எப்படி வேறுபடுகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாலை ஏன் வெள்ளையாக இருக்கிறது?

காரணம் ரொம்ப எளிது. இந்தச் சாலைகளுக்கு மேலே போடப்படுவது அந்தப் பகுதியில் கிடைக்கும் வெளிர் நிறக் கல்தான். சியனாவுக்கு வடக்கே கியான்டி மலைகளில் சுண்ணாம்புக் கல் நிறைய. அதை உடைத்து, பொடிக்கல்லாக்கி, மண்ணின் மேல் பரப்பி, உருளை விட்டு அழுத்தினால் வெள்ளைச் சாலை தயார். வெயில் அடித்தால் கண் கூசும். கார் ஒன்று போனால் பின்னாலேயே வெள்ளைப் புகை போல தூசு எழும்.

சியனாவுக்குத் தெற்கே போனால் நிலமே மாறிவிடும். அந்தப் பகுதிக்கு 'கிரேத்தே செனேசி' என்று பெயர், அதாவது சியனாவின் களிமண் நிலம். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் கிடந்த களிமண் அது. மரம் குறைவு. அலை அலையாக எழுந்து விழும் மேடுகள், நடுநடுவே மழை அரித்த பள்ளங்கள். இன்னும் தெற்கே இருப்பது வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு. மேட்டு உச்சியில் ஒற்றை வீடு, அதற்குப் போகும் வளைந்த பாதை, இருபுறமும் சைப்ரஸ் மரங்கள் என்று காலண்டர்களில் பார்ப்போமே, அந்தப் படங்களில் நிறைய இங்கே எடுத்தவைதான். 2004-ல் இந்தப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

அந்த ஒற்றை வீடுகள் யாருடையவை?

இந்தச் சாலைகளின் கதை அந்த வீடுகளில்தான் தொடங்குகிறது.

டஸ்கனியில் பல நூற்றாண்டுகளாக நடந்தது வாரச் சாகுபடி. இத்தாலிய மொழியில் 'மெட்ஸாத்ரியா'. நிலமும் வீடும் முதலாளியுடையது. உழைப்பு குத்தகைக் குடும்பத்துடையது. விளைச்சலில் சரிபாதி முதலாளிக்குப் போகும். கோதுமை, ஆலிவ், திராட்சை என்று எல்லாவற்றிலும் பாதி.

இந்த முறையில் விவசாயிகள் ஊருக்குள் கூட்டமாக வாழவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்துக்கு நடுவே, மேட்டில் கட்டிய தனி வீட்டில் வாழ்ந்தது. அந்த வீடுகளை ஒன்றோடு ஒன்றும், மாவு மில்லோடும், தேவாலயத்தோடும், சந்தையோடும் இணைத்தவைதான் இந்த மண் பாதைகள். மாட்டு வண்டிக்காகப் போட்டவை. அதனால்தான் ஒரே மேட்டுக்கு நான்கு பக்கமும் பாதை இருக்கிறது. அதனால்தான் சில ஏற்றங்கள் இவ்வளவு செங்குத்து.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. நகரங்களில் தொழிற்சாலைகள் பெருகின. மாதச் சம்பளம் கிடைக்கும் என்று குடும்பம் குடும்பமாக கிராமத்தை விட்டுக் கிளம்பினார்கள். 1964-ல் வந்த சட்டம், புதிதாக மெட்ஸாத்ரியா ஒப்பந்தம் போடுவதையே தடை செய்தது. மலை வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆள் இல்லாத வீட்டுக்கு யார் தார் ரோடு போடுவார்கள்? பாதைகள் அப்படியே விடப்பட்டன.

இன்று பார்த்து ரசிக்கிற அந்தச் சாலைகளை யாரும் அழகுக்காக விட்டு வைக்கவில்லை. ஆள் இல்லாததால் அவை மிஞ்சின.

பிறகு தார் வர ஆரம்பித்தது

கொஞ்ச காலம் கழித்து ஆட்கள் திரும்பினார்கள். இடிந்த வீடுகளை வெளிநாட்டினரும் நகரத்துப் பணக்காரர்களும் வாங்கிப் புதுப்பித்தார்கள். ஒயின் தொழில் வளர்ந்தது. பண்ணை வீடுகளில் விருந்தினர்களைத் தங்கவைக்கும் தொழிலும் சூடு பிடித்தது. வண்டிகள் கூடின. வண்டி கூடினால் தூசு கூடும், பள்ளம் கூடும். 'ரோட்டுக்குத் தார் போடுங்கள்' என்ற குரலும் கூடும். அது நியாயமான கோரிக்கையும்கூட.

இப்படி ஒவ்வொரு துண்டாக வெள்ளைச் சாலைகள் கருப்பாகிக் கொண்டிருந்தபோது, கியான்டியில் உள்ள காயோலே என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜான்கார்லோ ப்ரோச்சி ஒரு வேலை செய்தார். மனு கொடுக்கவில்லை, மறியல் செய்யவில்லை. 1997-ல் ஒரு சைக்கிள் பயணம் நடத்தினார். பெயர் 'லெரோயிக்கா'. வீரம் நிறைந்தது என்று அர்த்தம்.

அவருடைய யோசனை இதுதான். இத்தாலியின் பழைய சைக்கிள் ஜாம்பவான்கள் எல்லோரும் மண் சாலைகளில் ஓட்டியவர்கள். அந்தக் காலத்து சைக்கிளோடு, அந்தக் காலத்து உடையோடு, அதே மாதிரி சாலையில் ஓட்டிப் பார்த்தால்தான் அவர்கள் பட்ட பாடு புரியும். அதற்கு அந்தச் சாலை இருக்க வேண்டும். தார் போட்டுவிட்டால் விளையாட்டே முடிந்தது.

முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா என்று பிற நாடுகளிலும் இதே பெயரில் பயணங்கள் நடந்திருக்கின்றன.

லெரோயிக்காவில் என்ன விதி?

அக்டோபர் தொடக்கத்தில் காயோலேயில் நடக்கும் இந்தப் பயணத்துக்கு எந்த சைக்கிளையும் கொண்டுபோக முடியாது.

* சைக்கிள் 1987-க்கு முந்தைய ரேஸ் சைக்கிளாக, அல்லது அதே பாணியில் செய்ததாக இருக்க வேண்டும்.
* கியர் மாற்றும் நெம்புகோல் ஹேண்டில்பாரில் இருக்கக் கூடாது. கீழே, சட்டகத்தின் சாய்ந்த குழாயில் இருக்க வேண்டும். அதாவது கியர் மாற்ற ஒரு கையை எடுத்தே ஆக வேண்டும்.
* பெடலில் காலை வார் போட்டுக் கட்ட வேண்டும். இன்றைய 'கிளிப்' ஷூ கிடையாது.
* பிரேக் கம்பி ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து தெரிய வேண்டும்.

பல தூரங்களில் பாதைகள் உண்டு. ரொம்ப நீளமானது 209 கி.மீ. அதில் போகிறவர்கள் விடியும் முன்பே இருட்டில் கிளம்பிவிடுவார்கள். ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் சைப்ரஸ் பாதையில் சிறு விளக்குகள் ஏற்றி வைத்திருப்பார்கள். வழியில் சாப்பாட்டு நிறுத்தங்களில் எனர்ஜி பானப் பாக்கெட்டுகளை எதிர்பார்க்க வேண்டாம். ரொட்டியும் காய்கறியும் சேர்த்துக் கொதிக்க வைத்த 'ரிபோல்லித்தா' சூப், ஒயின் ஊற்றிய ரொட்டி என்று பழைய விவசாயக் குடும்பங்களின் சாப்பாடுதான் கிடைக்கும்.

யார் முதலில் வந்தார்கள் என்பதற்கு இங்கே பரிசு இல்லை. முடித்தால் போதும்.

இந்தப் பாதை ஒரு நாளோடு முடிந்துவிடவும் இல்லை. வழிகாட்டிப் பலகைகள் வைத்து ஆண்டு முழுவதும் யார் வேண்டுமானாலும் ஓட்டும் நிரந்தரப் பாதையாக அது மாறியது. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் பலகை வைத்த பிறகு அந்த மண் பாதைக்கு ஒரு பெயர் வந்துவிட்டது, தேடி வரும் ஆட்கள் வந்துவிட்டார்கள், அவர்களை நம்பி அறை வாடகைக்கு விடுகிறவர்களும் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 'இந்த ரோட்டை என்ன செய்யலாம்' என்று பேசும்போது, தார் மட்டுமே பதில் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பந்தயக்காரர்கள் எப்போது வந்தார்கள்?

அடுத்த கட்டம் 2007. லெரோயிக்காவைப் பார்த்து, தொழில்முறை வீரர்களுக்கான பந்தயம் ஒன்று அதே சாலைகளில் தொடங்கப்பட்டது. முதல் வெற்றி ரஷ்யாவின் அலெக்சாண்டர் கோலோப்னெவுக்கு. மறு ஆண்டில் பந்தயம் மார்ச் மாதத்துக்கு மாறியது. அதுதான் இன்று 'ஸ்ட்ராடே பியாங்கே' என்ற பெயரில் உலகம் முழுவதும் நேரலையில் ஓடுகிறது. பெண்களுக்கான பந்தயம் 2015-ல் தொடங்கியது.

சைக்கிள் பந்தய உலகில் நூறு வயதைத் தாண்டிய போட்டிகள் பல உண்டு. அவற்றோடு ஒப்பிட்டால் இது நேற்றுப் பிறந்த குழந்தை. இருந்தாலும் வீரர்கள் வெல்ல ஆசைப்படும் பந்தயங்களில் ஒன்றாக சீக்கிரமே வளர்ந்துவிட்டது. காரணம் அந்தச் சாலைதான்.

2025 பந்தயத்தின் தூரம் 213 கி.மீ. அதில் சுமார் 80 கி.மீ மண் சாலை. மோன்தே சான்தே மரியே என்ற 11.5 கி.மீ துண்டு ரொம்பக் கொடுமையானது. ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம் என்று மூச்சு விட விடாது. 2008, 2012, 2016 என மூன்று முறை வென்ற சுவிட்சர்லாந்தின் ஃபேபியன் கான்செல்லாராவின் பெயரை அந்தத் துண்டுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

முடிவும் லேசானது இல்லை. சியனா நகரத்துக்குள் சான்தா கத்தரினா என்ற குறுகிய கல் பாவிய தெரு இருக்கிறது. சரிவு 16 சதவீதம் வரை போகும். அதாவது 100 மீட்டர் முன்னால் போனால் 16 மீட்டர் மேலே ஏறியிருப்பீர்கள். அதைத் தாண்டினால் சிப்பி வடிவ பியாட்சா டெல் காம்போ சதுக்கம். ஜூலை 2, ஆகஸ்ட் 16 தேதிகளில் பாலியோ குதிரைப் பந்தயம் நடக்குமே, அதே இடம்தான்.

2024-ல் ஸ்லோவேனியாவின் டாடெய் போகச்சார் 81 கி.மீ மீதம் இருக்கும்போதே தனியாகப் பாய்ந்து கடைசி வரை பிடி கொடுக்காமல் ஜெயித்தார். 2025-ல் வேகமான ஒரு வளைவில் சறுக்கி விழுந்து, தோளும் முழங்கையும் சிராய்த்து, கிழிந்த ஜெர்சியோடு எழுந்து வந்து மறுபடியும் ஜெயித்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் விழுந்தது மண் ரோட்டில் இல்லை, தார் ரோட்டில்.

மழை வந்தால் கதையே வேறு. 2010 ஜிரோ தி இத்தாலியா பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டம் கொட்டும் மழையில் இந்த வெள்ளைச் சாலைகள் வழியாக மோன்தால்சினோவில் முடிந்தது. வெள்ளைத் தூசு முழுக்கச் சேறாகிவிட்டது. அன்றைக்கு வென்ற ஆஸ்திரேலியாவின் காடெல் எவான்ஸ் அணிந்திருந்தது உலக சாம்பியனின் வானவில் ஜெர்சி. முடிவுக் கோட்டில் அதன் நிறமே தெரியாத அளவுக்குச் சேறு. அந்தக் காட்சிதான் பலருக்கு இந்தச் சாலைகளை அறிமுகம் செய்தது.

கிராவல் பைக் என்றால் என்ன?

பந்தயத்தில் வீரர்கள் ஓட்டுவது ரோடு பைக்தான். ஆனால் விடுமுறைக்கு வந்து இதே சாலைகளில் நிதானமாகப் போக நினைக்கிறவர்கள் தேர்ந்தெடுப்பது கிராவல் பைக். கிராவல் என்றால் சரளைக் கல். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார் இருக்கும், ஆனால் மற்ற விஷயங்கள் மாறும்.

முதலாவது டயர். ரேஸ் சைக்கிளில் டயரின் அகலம் பொதுவாக 25 முதல் 30 மி.மீ. கிராவல் பைக்கில் 38 முதல் 50 மி.மீ வரை. அகலமான டயரில் காற்றைக் குறைவாக அடிக்கலாம்.

காற்று குறைந்தால் வேகம் குறையும் என்றுதான் பலரும் நினைப்போம். வழுவழுப்பான ரோட்டில் ஓரளவு சரி. சரளையில் அப்படி இல்லை. டயர் கல்லு மாதிரி இருந்தால், ஒவ்வொரு கல் மேல் ஏறும்போதும் சைக்கிளும் ஆளும் சேர்ந்து தூக்கிப் போடப்படுவார்கள். முன்னால் போக வேண்டிய சக்தி அதில் வீணாகும். டயர் கொஞ்சம் மெத்தென்று இருந்தால், கல்லை அதுவே உள்வாங்கிக்கொள்ளும். சைக்கிள் நேராகப் போகும். பிடிமானமும் கூடும்.

இரண்டாவது, ட்யூப் இல்லாத டயர். உள்ளே ஒரு திரவம் ஊற்றியிருப்பார்கள். சின்ன ஓட்டை விழுந்தால் அந்தத் திரவம் ஓட்டையில் போய் இறுகி அடைத்துவிடும். அடுத்த பஞ்சர் கடை எங்கே என்று தெரியாத ஊரில் இது பெரிய நிம்மதி.

மூன்றாவது கியர். 15 சதவீத ஏற்றத்தில், காலுக்கு அடியில் கல் நழுவும்போது, எழுந்து நின்று மிதிக்க முடியாது. எழுந்தால் பின் சக்கரத்தின் மேல் இருக்கும் எடை குறையும், சக்கரம் சும்மா சுற்றும். உட்கார்ந்தபடியே மிதிக்க வேண்டும். அதற்கு ரொம்ப லேசான கியர் தேவை. அதனால் பின் பல்சக்கரம் பெரிதாக இருக்கும்.

நான்காவது டிஸ்க் பிரேக். தூசும் சேறும் ரிம்மில் அப்பினாலும் பிரேக் பிடிக்கும்.

ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

* வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிக்காதீர்கள். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட்டு உள்ளே போங்கள்.
* ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கை தளர்வாக இருந்தால் சைக்கிள் தானே வழி பார்த்துக்கொள்ளும்.
* கார் சக்கரம் பட்டுப் பட்டு இறுகிய தடம் இரண்டு பக்கமும் இருக்கும். அதில் போங்கள். நடுவிலும் ஓரத்திலும் உதிரிக் கல் குவிந்திருக்கும்.
* ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபரும் ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் களிமண் மேடுகளில் ஒதுங்க நிழல் கிடையாது.
* பலத்த மழைக்குப் பிறகு களிமண் பகுதியைத் தவிர்ப்பது நல்லது. சேறு சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் நடுவே அடைத்து, சைக்கிளைத் தோளில் தூக்க வைத்துவிடும்.

அங்கே குடியிருப்பவர்களுக்கு இது வசதியா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்தக் கதையைச் சொல்லி முடிக்க முடியாது.

வாரக் கடைசியில் வந்து போகிறவருக்கு தூசு ஒரு அனுபவம். அங்கேயே வாழ்கிறவருக்கு அது தினசரித் தொல்லை. கோடையில் ஜன்னல் திறக்க முடியாது. துணி காயப் போட முடியாது. ரோட்டோர ஆலிவ் இலைகள் வெள்ளையாகிவிடும். காரின் அடிப்பாகம் சீக்கிரம் தேயும். மழைக்காலத்தில் ஏற்றத்தில் வண்டி திணறும்.

பராமரிப்பும் சும்மா நடப்பதில்லை. மண் சாலையின் முதல் எதிரி தண்ணீர். சாலை நடுவில் சற்று மேடாகவும் ஓரம் தாழ்வாகவும் இருந்தால்தான் தண்ணீர் வடியும். ஓரக் கால்வாயைத் தூர்வார வேண்டும். இல்லையென்றால் ஒரே மழையில் சாலை நடுவே வாய்க்கால் விழுந்துவிடும். வண்டிகள் ஓட ஓட துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக மேடு பள்ளம் உருவாகும். அதை இயந்திரம் விட்டுச் சுரண்டி, புதுக் கல் போட்டு, மறுபடி அழுத்த வேண்டும். இதை விடாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

அப்படியானால் தாரே மேல் இல்லையா? களிமண் நிலத்தில் அதற்கும் பதில் அவ்வளவு சுலபம் இல்லை. களிமண் மழையில் வீங்கும், வெயிலில் சுருங்கும். மேலே போட்ட தார் அதோடு சேர்ந்து அசைய முடியாமல் வெடிக்கும். வெடித்த தாரைச் சரிசெய்வதைவிட, கலைந்த சரளையை நிரவுவது சுலபம். தாரும் வேண்டாம், தூசும் வேண்டாம் என்று நினைக்கும் இடங்களில், சரளையோடு பசை போன்ற பொருளைக் கலந்து இறுக்கும் முறையும் உண்டு. வெள்ளை நிறம் மாறாது, தூசு குறையும், ஆனால் செலவு கூடும்.

ஆக, யார் எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் பிரச்னை. சைக்கிள்காரர்களுக்கும் விடுதிக்காரர்களுக்கும் அந்தச் சாலை வெள்ளையாகவே இருக்க வேண்டும். அதன் தூசு தினமும் படிவது பக்கத்து வீட்டுக்காரரின் ஜன்னலில். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இவ்வளவு ஆண்டுகளாக இந்த இழுபறியில் வெள்ளைச் சாலை தோற்காமல் நிற்கக் காரணம், அது சும்மா கிடக்கவில்லை என்பதுதான். ஆள் ஓட்டுகிறார்கள். அதனால் கவனிக்க ஆள் இருக்கிறார்கள்.

விவசாயி விட்டுப்போன பாதை, கைவிடப்பட்டதால் ஒருமுறை தப்பித்தது. இரண்டாவது முறை அப்படித் தப்ப வழி இல்லை. அப்போது அதைக் காப்பாற்றியது, பழைய இரும்பு சைக்கிளோடு வந்து இறங்கிய 92 பேர்.

அடுத்த மார்ச்சில் டிவியில் ஸ்ட்ராடே பியாங்கே ஓடும்போது, வீரர்களுக்குப் பின்னால் எழும் வெள்ளைத் தூசைப் பாருங்கள். அது அடங்கிய பிறகு அங்கே ஒரு வீடும், வாசலில் நிற்கும் நாலு பேரும் தெரிவார்கள். பந்தயம் ஒரு நொடியில் கடந்து போய்விடும். மறுநாள் காலையில் அந்த ரோட்டில் வண்டியை எடுக்கப்போவது அவர்கள்தான்.